வாத்தை ஆட்டியது யார்?

"அப்பா, இந்த டிவி ரிப்பேர்! தொட்டா ஒண்ணுமே ஆகமாட்டேங்குது!"

தீர்ப்பு சொன்னது என் சின்ன வாண்டு. வயசு ஆறு. ரிப்பேர் என்று அவள் தள்ளிவிட்ட டிவி ஒரு மேஜைமேல் முதுகு புடைத்து, கனமாக உட்கார்ந்திருந்தது. ஒரு காலத்தில் நம் எல்லார் வீட்டு ஹாலிலும் சாமி படத்துக்குச் சமமான அந்தஸ்தோடு இருந்துவிட்டு, பிற்பாடு பழைய பேப்பர்காரர்கூட 'வேணாம் சார், இதை யாரும் எடுக்கறதில்லே' என்று மறுத்துவிட்ட அதே பிக்சர் ட்யூப் டிவி. கண்ணாடியில் அவளுடைய அஞ்சு விரலும் சிப்ஸ் எண்ணெயோடு பதிந்திருந்தது.

"அது டச் ஸ்க்ரீன் இல்லேம்மா."

"அப்ப எதுக்கு வச்சிருக்காங்க?"

நியாயமான கேள்வி. பதில் கிடைக்க அன்று சாயங்காலம் வரை ஆயிற்று.

இடம்: அமெரிக்கா, ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் நகரம். மண்டைமேல் இரண்டு கண்ணாடிக் கோபுரம் வைத்துக் கட்டிய ஓரிகன் கன்வென்ஷன் சென்டர். 2023 அக்டோபர் மாதத்து சனிக்கிழமை. விசேஷம்: போர்ட்லண்ட் ரெட்ரோ கேமிங் எக்ஸ்போ. தமிழில் சொன்னால், பழைய வீடியோ கேம் திருவிழா.

பத்திரிகைக்குத் துண்டு துக்கடா எழுதிப் பிழைக்கிற ஒரு பி.காம். பட்டதாரி அமெரிக்காவுக்கு எப்படிப் போனான் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். என் பேங்க் மானேஜருக்கும் வந்தது. விஷயம் இதுதான். அக்கா அங்கே பீவர்ட்டனில் இருக்கிறாள். அம்மா ஆறு மாசம் அவளோடு இருக்கப் போயிருந்தாள். போகும்போது துணைக்கு யாரோ கிடைத்தார்கள். திரும்பி வரத் துணை இல்லை. "நீ வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போ. பசங்களையும் கூட்டிட்டு வா. டிக்கெட் நான் போடறேன்" என்றாள் அக்கா. 'டிக்கெட் நான் போடறேன்' என்ற வாக்கியத்துக்குப் பிறகு நான் எதையும் காதில் வாங்குவதில்லை. மனைவிக்கு ஆபீஸில் லீவு சாங்ஷன் ஆகவில்லை. ஆகவே பிள்ளைகள் இரண்டு பேரையும் மேய்க்கிற உத்தியோகம் முழுநேரமாக எனக்கே வந்து சேர்ந்தது. பெரியவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஆறு. காலாண்டு லீவோடு இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக் கேட்டபோது ஸ்கூலில் அவர்கள் பார்த்த பார்வையை இங்கே எழுத இடமில்லை.

திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். அக்கா மகளைக் கூப்பிட்டுப் பார்த்தோம். ஹெட்போனைக் கழற்றாமலேயே, "அதெல்லாம் தாத்தாங்க போற இடம் மாமா" என்றாள். அவள் அம்மாவுக்கும் ஆர்வமில்லை. "நீ போய் ஆடு. நான் ஒரு ஓரமா உக்காந்து மெயில் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

கிளம்புவதற்குள் அம்மா ஒரு முட்டுக்கட்டை போட்டாள். அன்றைக்கு மகாளய அமாவாசை. போதாக்குறைக்குக் காலையில் சூரிய கிரகணம் வேறு. "அமாவாசையும் கிரகணமும் சேந்து வந்திருக்கு, குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு டிவி கேம் ஆடப் போறானாம்!" கிரகணம் விட்டு, தலைக்குக் குளித்து, அதன்பிறகுதான் வாசல் தாண்ட பர்மிஷன் கிடைத்தது. அமெரிக்காவில் இருந்தாலென்ன, அம்மா அம்மாதான்.

பீவர்ட்டனிலிருந்து மேக்ஸ் ரயில். வில்லமெட் ஆற்றை ஸ்டீல் பிரிட்ஜ் வழியாகத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் கன்வென்ஷன் சென்டர் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. வழியெல்லாம் நான் பிள்ளைகளுக்கு லெக்சர். "அப்பா சின்ன வயசுல ஆடின கேம் எல்லாம் அங்க இருக்கும். இப்ப இருக்கற மாதிரி இல்லே. ரொம்ப கஷ்டம். அப்பா அதுல எல்லாம் சாம்பியன்." பெரியவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தாள். அவள் சிரித்தாளோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

உள்ளே நுழைந்ததும் காது அடைத்துவிட்டது. ஒரு பெரிய ஹால் பூராவும் ஆளுயர ஆர்கேட் பெட்டிகள், பின்பால் மேஜைகள். எல்லாம் ஒரே நேரத்தில் 'டிங் டிங்', 'பியூவ் பியூவ்', 'டொய்ங்'. மாரியம்மன் கோயில் திருவிழாவில் ரங்கராட்டினத்துக்கும் மரணக்கிணற்றுக்கும் நடுவில் நின்ற மாதிரி இருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே காசு போட வேண்டாம். வாசலில் டிக்கெட் வாங்கியாயிற்றென்றால் எல்லா மெஷினும் ஃப்ரீ.

அந்த 'ஃப்ரீ'தான் முதல் பிரச்னை. பெரியவன் ஒரு மெஷினில் நின்றான். முப்பது செகண்டில் செத்தான். மறுபடி பட்டனை அமுக்கினான். மறுபடி செத்தான். "எங்கப்பா சேவ் பண்றது?" என்றான். சேவா? சேவும் கிடையாது, செல்வமும் கிடையாது. மூணு உயிர், போனால் முதலிலிருந்து. அவனுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. "ஏன் இவ்ளோ கஷ்டமா பண்ணி வச்சிருக்காங்க?"

இந்த இடத்தில் என் பி.காம். விழித்துக்கொண்டது. "கண்ணா, இது விளையாட்டு இல்லே. இது ஒரு பிசினஸ்."

1972ல் அட்டாரி கம்பெனி தன் முதல் பாங் மெஷினை கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் கொண்டுபோய் வைத்தது. கொஞ்ச நாளில் மெஷின் வேலை செய்யவில்லை என்று கடையிலிருந்து புகார். அதைக் கட்டின எஞ்சினீயர் ஆலன் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், சர்க்யூட்டில் கோளாறே இல்லை. உண்டியல் நிரம்பி வழிந்து, புதுக் காசு உள்ளே போக இடமில்லை. அன்று முதல் கணக்கு எளிது. ஒரு கால் டாலர் போட்டவன் ரொம்ப நேரம் ஆடினால் முதலாளிக்கு நஷ்டம். சட்டென்று செத்தால் அடுத்த கால் டாலர் வரும். சட்டென்று சாக வேண்டும், ஆனால் 'ச்சே, கொஞ்சத்துல போச்சே' என்று தோன்றவும் வேண்டும். இதைவிட நுட்பமான விலை நிர்ணயம் எனக்கு காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் சொல்லித் தரப்படவில்லை.

(உறையூரிலும் இதே கதைதான். எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். மளிகைக் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் எப்போதும் 'தொலைந்து'விடும்.)

பக்கத்தில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978ல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ செய்தது. ஆட ஆட, மேலேயிருந்து வருகிற பூச்சிகள் குறையும். குறையக் குறைய வேகம் கூடும். கடைசிப் பூச்சி தலைதெறிக்க ஓடும். இதைத் திட்டம் போட்டு வைக்கவில்லை அவர். அந்தக் காலத்து மெஷினால் அத்தனை பூச்சியை ஒரே நேரத்தில் வேகமாக வரைய முடியவில்லை. செத்த பூச்சியை வரைய வேண்டாமே, ஆகவே மிச்சத்துக்கு வேகம் வந்தது. அட, இதுவும் நல்லாத்தானே இருக்கு என்று அப்படியே விட்டுவிட்டார். ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு மீதிப் பேர் ஓடுகிற ஓட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. பெரியவனுக்கு இது பிடித்துவிட்டது. அரை மணி நேரம் நகரவில்லை. சின்னவளுக்கோ பெட்டிமேல் கை எட்டவில்லை. அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றதில் என் இடுப்பு இரண்டு நாள் பேசியது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு சின்ன ஸ்டூல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாக்மேன் எங்கே என்று பிறகு தேடலாம். பாத்ரூம் எங்கே என்பது அதற்கும் முந்தி.

மத்தியானம் டெட்ரிஸ். உலக டெட்ரிஸ் சாம்பியன் போட்டியைப் பல வருஷம், 2023 வரைக்கும், இந்தத் திருவிழாவோடுதான் நடத்தினார்கள். மேலேயிருந்து விழுகிற கட்டைகளை அடுக்குகிற அதே டெட்ரிஸ்தான். 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. இங்கே ஆடுவது 1989ல் நின்டெண்டோ வெளியிட்ட பதிப்பு, அதுவும் பழைய பிக்சர் ட்யூப் டிவியில்.

ஆடுகிறவர்களைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். என்னைப் போல் தொப்பை விழுந்த, முன்வழுக்கை ஆசாமிகள் ஆடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்ததெல்லாம் மீசை முளைக்காத பையன்கள். கன்ட்ரோலரை மடியில் வைத்து, பட்டன்மேல் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கன்ட்ரோலரின் முதுகில் விரல்களை வரிசையாகத் தட்டுகிறார்கள். கடம் வாசிக்கிற மாதிரியே இருக்கிறது. நாங்கள் கட்டை விரலால் ஒன்று தட்டுகிற நேரத்தில் இவர்கள் நாலு தட்டுகிறார்கள்.

இதே போட்டியில் 2018ல் ஒரு சம்பவம். ஜோனஸ் நியூபவர் என்பவர் ஏழு தடவை உலக சாம்பியன், வயசு 37. ஃபைனலில் அவரைத் தோற்கடித்தது ஜோசப் சேலி என்ற 16 வயசுப் பையன். அந்த ஆட்டம் வெளியானபோது அவன் பிறக்கவேயில்லை! நாங்கள் போன 2023ல் மூன்றாவது இடம் வந்தது வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயசுப் பையன். அவன் இரண்டு மாசம் கழித்து, டிசம்பர் 21 அன்று, வீட்டில் உட்கார்ந்து ஆடி 157வது லெவல் வரை போனான். மெஷின் அதற்குமேல் தாங்காமல் அப்படியே உறைந்துவிட்டது. 34 வருஷமாக எல்லாரையும் ஜெயித்த ஆட்டத்தை முதல் முதலாக ஒரு மனிதன் ஜெயித்தான் என்று உலகம் பூரா நியூஸ். மனிதன் என்றா சொன்னேன்? எட்டாவது படிக்கிற வயசு.

பெரியவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீ இதுல சாம்பியன்னு சொன்னியே?" என்றான். நான் அவசரமாக, "பசிக்குதா கண்ணா?" என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைவீதி. (சாப்பாட்டு பில்லைப் பற்றி எழுதினால் எனக்கு மறுபடி வயிறு எரியும்.) வரிசை வரிசையாக மேஜை போட்டுப் பழைய கேசட்டுகள் விற்கிறார்கள். நாம் கேசட் என்போம், அவர்கள் கார்ட்ரிட்ஜ் என்கிறார்கள். சூப்பர் மரியோ ஒன்றைக் கையில் எடுத்தேன். 1985ல் வந்தது. மொத்த ஆட்டமும், எட்டு உலகம், பாட்டு, காளான், கோட்டை எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள். உங்கள் பெரியப்பா தினமும் வாட்ஸப்பில் அனுப்புகிற ரோஜாப்பூ குட்மார்னிங் அதைவிடப் பெரிசு. இடம் பத்தாமல், வானத்து மேகத்தையும் தரையிலிருக்கும் புதரையும் ஒரே படத்தால் வரைந்தார்கள். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இதைச் சொன்னதும் பெரியவன், "அப்ப ஏமாத்தறாங்களா?" என்றான். சிக்கனம்டா, சிக்கனம்!

ஏமாற்றுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 1996 தீபாவளி. அப்பாவுக்கு போனஸ் வந்தது. அந்த போனஸில் அக்காவுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் என்று ஆறு மாசமாகப் பேச்சு. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஸ்கூலுக்குத் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடை. ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போன அப்பா, பர்மா பஜாரில் பேரம் பேசி, ஆயிரத்து நூறு ரூபாய்க்கு ஒரு டிவி கேம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஒன்பது வயசு. நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் நான் அழுதிருந்தேன் என்பது காரணம். "அது ரெண்டு பேருக்கும்தான்" என்றார் அப்பா. "சைக்கிள் அடுத்த வருஷம்."

அந்தப் பெட்டி ஜப்பான் ஃபேமிகாமின் கள்ளக் குழந்தை என்று அப்போது யாருக்குத் தெரியும்? கூட வந்த கேசட்டில் '99999 இன் 1' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. ஒரு லட்சத்துக்கு ஒன்று குறைவு. அதை எல்லாம் ஆடி முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். நாலாம் நாள் குட்டு வெளிப்பட்டது. அதே ஏழெட்டு ஆட்டம், பேரை மாற்றி, லெவலை மாற்றித் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. பிற்பாடு காலேஜில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று புரொபசர் ஆரம்பித்ததும் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஆட்டம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி 'ஃபூ' என்று ஊதி மாட்டுவோம். உலகம் பூரா பிள்ளைகள் இதையே செய்திருக்கிறார்கள். ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் பின் கெட்டுப்போகும் என்று நின்டெண்டோவே சொன்னது. கழற்றி மாட்டினதில்தான் சரியாயிற்று, ஊதினதில் இல்லை. கேட்டதும் என் சின்ன வயசு மூச்செல்லாம் வீணாகிவிட்ட மாதிரி இருந்தது.

கடைவீதி தாண்டி ஒரு மூலையில்தான் சின்னவள் 'ரிப்பேர்' என்று சொன்ன அந்த டிவி. அதில் டக் ஹன்ட். தெரியுமில்லையா? பிளாஸ்டிக் துப்பாக்கியால் டிவியில் பறக்கிற வாத்தைச் சுட வேண்டும். ஒரு வாத்துக்கு மூணு குண்டு. தப்பிவிட்டால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்த நாயைச் சுட முடிந்திருந்தால் என் இளமைப் பருவம் இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் அந்த மேஜைக்குக் காவல். அந்த டிவி ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்தான் சின்னவளுக்கு விளக்கினார். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது உண்மையில் ஒரு கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக் கண்ணில் பட்டால் வாத்து காலி. கருப்பு எதற்கு? என்னைப் போன்ற ஃப்ராடுகளுக்காக! ட்யூப்லைட்டைக் குறி வைத்துச் சுட்டால் ஜெயிக்கலாம் என்று நான் ஒரு மாசம் முயற்சி செய்தேன். கருப்புத் திரை வரும்போதும் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தால் மெஷின் ஒத்துக்கொள்ளாது. இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். இப்போதைய தட்டை டிவிகள் படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுவதால் அதில் துப்பாக்கி வேலை செய்யாது. பிக்சர் ட்யூப் செத்தால் வாத்து வேட்டையும் செத்தது.

பெரியவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். சின்னவள் "நானு, நானு" என்று குதித்தாள். மேஜைமேல் ஒரு கன்ட்ரோலர் சும்மா கிடந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்து, "இந்தா, நீயும் ஆடு" என்றேன். கியூவில் பின்னால் ஆள் நிற்கிறார்கள், அழ ஆரம்பித்தால் மானம் போகும். வேறென்ன செய்ய?

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். "அப்பா! நான்தான் வாத்தை ஆட்டறேன்!"

"போடி லூசு. அது கம்ப்யூட்டர்" என்றான் பெரியவன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"இல்லே, நான்தான்! இங்க அமுக்கினா இப்படிப் போகுது!"

நான் குனிந்து, குரலைத் தேனாக்கி, "ஆமாண்டா தங்கம், நீதான் ஆட்டறே" என்று சொல்லிவிட்டு, பெரியவனைப் பார்த்துக் கண்ணடித்தேன். "சும்மா பிடிச்சிக்கிட்டு நில்லு. அது ஒண்ணும் பண்ணாது."

"டேய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். அக்கா. மெயில் பார்க்கிறேன் என்றவள் எப்போது எழுந்து வந்தாளோ. போனைப் பைக்குள் போட்டிருந்தாள்.

"இதையேதான்டா என்கிட்டயும் சொன்னே. இதே வார்த்தை."

தாடிப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சின்னவள் கையையும் வாத்தையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஷி ஈஸ் ரைட், யூ நோ" என்றார். ஒரு வாத்து மட்டும் பறக்கிற முதல் வகை ஆட்டத்தில், இன்னொருத்தர் கன்ட்ரோலரை வைத்து வாத்தைத் திருப்பலாம். அப்படித்தான் ஆட்டத்தைச் செய்திருக்கிறார்கள். கூட வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

புத்தகமா? எங்கள் பெட்டியோடு வந்தது சீன எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அதையும் அம்மா அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

எனக்கு அந்த இரைச்சலிலும் உறையூர் ஹால் கேட்டது. துப்பாக்கி எப்போதும் என்னிடம். 'ரெண்டு பேருக்கும்தான்' என்று அப்பா சொன்னதற்காக அக்கா கையில் மிச்சமிருந்த கன்ட்ரோலர். "நான்தான்டா வாத்தை ஆட்டறேன்" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். தெருப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, "எங்கக்கா வாத்து ஆட்டறாளாம்" என்று காட்டிச் சிரிக்க வைத்தேன். ஒரு நாள் அவள் அழுதுகொண்டே அப்பாவிடம் போய்ப் பிராது கொடுத்தாள். அப்பா பேப்பரை இறக்காமல், "எல்லாம் உன் பிரமை. தம்பி ஆடட்டும், விடு" என்று தீர்ப்பு சொன்னார். அதற்கப்புறம் அவள் அந்த கன்ட்ரோலரைத் தொட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அடுத்த வருஷம் சைக்கிள் வந்தது. அதுவரை நடந்துதான் போனாள்.

இன்றைக்கு அவள் வேலை பார்ப்பது சிப் டிசைன் செய்கிற ஒரு கம்பெனியில். எந்தப் பட்டனை அமுக்கினால் எந்த ட்ரான்சிஸ்டர் அசையும் என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

"நகருடா கண்ணா" என்று பெரியவனை நகர்த்தினாள். துப்பாக்கியை வாங்கி என் கையில் திணித்தாள். சின்னவளிடம், "அத்தைக்கு ஒரு தடவை குடுக்கறியா?" என்று கேட்டுக் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கினாள், கவனியுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததேயில்லை.

"ம். சுடு."

சுட்டேன். வாத்து நேராக வருகிற மாதிரி வந்து, கடைசி நேரத்தில் சடாரென்று இடது பக்கம் திரும்பியது. மூணு குண்டும் வீண். நாய் சிரித்தது. அடுத்தது தரையை ஒட்டிப் பறந்து, நான் கையைத் தாழ்த்தினதும் மேலே ஏறியது. நாய் சிரித்தது. பத்து வாத்தில் இரண்டு விழுந்தது, அதுவும் அவள் தும்மியதால். பிள்ளைகள் இரண்டும் தரையில் உருண்டு சிரித்தன. கியூவில் நின்றவர்களெல்லாம் கை தட்டினார்கள். எனக்கு. அல்லது வாத்துக்கு.

"அப்ப... அந்த நாள்லயும் இப்படித்தான்..." என்று இழுத்தேன்.

"எப்பெல்லாம் நீ ரொம்ப ஆடினியோ அப்பெல்லாம்."

எனக்கு ஒன்று உறைத்தது. "என் பர்த்டே அன்னிக்கு மட்டும் எப்படி ஒண்ணுகூடத் தப்பலே? தெருவே பாத்துதே!"

அக்கா பதில் சொல்லவில்லை. கன்ட்ரோலரைச் சின்னவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பை ஜிப்பை இழுத்து மூடினாள். "அன்னிக்கு வாத்து எங்க பறந்துதுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. நடுவில். எல்லாம் நட்டநடுவில்.

நான் பெரியவனைப் பார்த்தேன். அவன் துப்பாக்கியை மறுபடி எடுத்துக்கொண்டு நின்றான். "பாப்பாகிட்ட குடு, நீ வாத்தை ஆட்டு" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். கொடுத்தான், ஆனால் உடனே இல்லை. என் பிள்ளைதானே! அப்புறம் வாத்தைத் திருப்புவதில் சுடுவதைவிட ருசி அதிகம் என்று கண்டுபிடித்துவிட்டான், கிளப்ப முடியவில்லை. தாடிப் பெரியவர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்த பிறகுதான் வெளியே வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ரயிலில் பிள்ளைகள் இரண்டும் அக்கா மடியில் ஆளுக்கொரு பக்கம் தூங்கிவிட்டன.

ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. ப்ளேன் ஏறினால் வீட்டை யார் பார்த்துப்பா என்று திருச்சியை விட்டு நகராதவர். ஹாலில் அதே நாற்காலி, கையில் பேப்பர். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தாடிப் பெரியவர், புத்தகத்தில் போட்டிருப்பது, வாத்து இடதுபக்கம் திரும்புவது எல்லாம். கோபமாகச் சொல்லவில்லை. தமாஷாகத்தான் சொன்னாள். ஆனால் 'பிரமை' என்ற வார்த்தையை மட்டும் விடாமல் சொன்னாள்.

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நெட் கட்டாகிவிட்டதோ என்று அம்மா போனைத் தட்டிப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அப்பா.

"சாப்பிட்டேன்ப்பா."

"நல்லா சாப்பிடு."

போனை வைத்த பிறகு அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரி, வாத்துக் கணக்கு நேர் பண்ணியாச்சு. பி.காம். படிச்சவன்தானே நீ? சைக்கிள் கணக்கை எடுத்து வை. இருபத்தேழு வருஷ வட்டி போட்டுச் சொல்லு."